ஆற்றின் வரவு செலவுக் கணக்கு

ஒரு நகரத்தின் கழிவுநீர்க் கால்வாய் ஆற்றில் வந்து கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆறு பல கிலோமீட்டர் ஓடிச் சிற்றூர்கள் பலவற்றைக் கடந்து செல்கிறது. இந்த ஆற்றில் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகக்கூடிய இடம் எது? கால்வாய் கலக்கும் இடமே என்றுதான் நம்மில் பலர் விடை சொல்வோம். நிறமும் நாற்றமும் அங்கேதானே மிகுதி!

அளந்து பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. கால்வாய் கலந்த இடத்திலேயே ஆற்றுநீரில் ஆக்சிஜன் ஓரளவு எஞ்சியிருக்கும். அதிலிருந்து முப்பது, நாற்பது, சில ஆறுகளில் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால்தான் ஆக்சிஜன் மிகமிகக் குறைந்து போகிறது. கழிவை விடுவது ஓர் ஊர். அதன் தீமையை முழுதும் அனுபவிப்பது வேறோர் ஊர். இது ஏன் நிகழ்கிறது? அந்த இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? எவ்வளவு கழிவை விட்டால் ஆறு தாங்கும் என்றும் கூற இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண அறிவியலார் அமைத்த கணித மாதிரிகளைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். பள்ளி இறுதி வகுப்புக் கணக்கே இதற்குப் போதும்.

ஆற்றின் மூச்சு

மீன் மூச்சு விடுவது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டு. இந்த இருப்பு மிகச் சிறியது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீர் கரைத்து வைத்துக்கொள்ளக் கூடியது 7.5 மில்லிகிராம் மட்டுமே. இதைத் தெவிட்டு நிலை என்கிறோம். நீர் குளிர்ந்தால் இந்த அளவு கூடும். 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே நம்மைப் போன்ற வெப்பநாட்டு ஆறுகள் தொடக்கத்திலேயே சிறிய முதலுடன் வாணிகம் நடத்துகின்றன எனலாம்.

குளிப்பதற்கேற்ற ஆற்றுநீரில் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்று நமது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்துள்ளது. மீன் வளத்துக்குக் குறைந்தது 4 மில்லிகிராம். 7.5-க்கும் 4-க்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதைப் பாருங்கள்.

செலவும் வரவும்

சாக்கடை நீரில் உணவுக் கழிவு, மலம் முதலிய கரிமப் பொருள்கள் உள்ளன. ஆற்றில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இவை உணவு. அவற்றை உண்டு சிதைக்கும்போது பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. ஆகவே கழிவின் வலிமையை அதன் எடையால் அளப்பதைவிட, அது முழுதும் சிதைவதற்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அளப்பதே பொருத்தம். இதற்கு உயிரியல் ஆக்சிஜன் தேவை என்று பெயர். நம் வீடுகளிலிருந்து வரும் சாக்கடை நீருக்கு இது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். ஆற்றின் கையிருப்போ 7.5!

ஆனால் இந்தச் செலவு ஒரே நொடியில் நிகழ்வதில்லை. பாக்டீரியாக்கள் மெல்ல மெல்ல, நாள்கணக்கில் வேலை செய்கின்றன. மிச்சமிருக்கும் கழிவு மிகுதியாக இருந்தால் சிதைவும் விரைவு. குறையக் குறைய வேகமும் குறையும். கதிரியக்கப் பொருள் சிதையும் விதியைப் படித்த மாணவர்கள் இதை உடனே இனங்கண்டு கொள்வார்கள். இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே.

இனி வரவைப் பார்ப்போம். ஆற்றின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு காற்று நிற்கிறது. நீரில் ஆக்சிஜன் தெவிட்டு நிலைக்குக் கீழே இறங்கியவுடன் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே புகத் தொடங்குகிறது. பற்றாக்குறை எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் அது புகும். சூடான காப்பி, சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக உள்ளதோ அதற்கேற்ற வேகத்தில் ஆறுகிறது என்று நியூட்டன் கூறிய விதியைப் போன்றதே இதுவும். ஆழம் குறைந்து, பாறைகளில் மோதிச் சலசலத்து ஓடும் ஆறு காற்றை விரைவாக வாங்கிக்கொள்ளும். ஆழமாகி மெதுவாக நகரும் ஆறும், அணைக்குப் பின்னே தேங்கிய நீரும் மெதுவாகத்தான் வாங்கும்.

ஆக, ஆறு ஓடிக்கொண்டே இருக்கும்போது இரண்டு செயல்கள் ஒருங்கே நடைபெறுகின்றன. ஒன்று செலவு, மற்றொன்று வரவு. முதலில் செலவு மிகுதி; ஆகவே இருப்பு இறங்குகிறது. கழிவு தீரத் தீரச் செலவு குறைகிறது. பற்றாக்குறை வளர வளர வரவு கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் இருப்பு மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து, பிறகு ஏறத் தொடங்குகிறது. வரைபடம் போட்டால் இரு கம்பங்களுக்கிடையே தொய்ந்து தொங்கும் கயிற்றைப் போல் தோன்றும்.

இந்த வரவு செலவை ஒரே சமன்பாட்டில் அடக்கியவர்கள் ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மிசிசிப்பியில் கலக்கும் ஓஹியோ ஆற்றின் கரையில் ஆலை நகரங்கள் பல எழுந்திருந்தன. மேலே உள்ள ஊர் கழிவை விட, கீழே உள்ள ஊர் அதே ஆற்றிலிருந்து குடிநீர் எடுத்தது. அந்த ஆற்றை ஆராய்ந்த பொதுச் சுகாதாரத் துறையின் சார்பில் அவ்விருவரும் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே ஆற்றுநீர்த் தர மாதிரிகளுக்கெல்லாம் மூலநூல்.

காகிதத்தில் ஓர் ஆறு

சமன்பாட்டை எழுதிக் காட்டுவதைவிட எடுத்துக்காட்டு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் நாம் கற்பனை செய்துகொண்ட ஆற்றுக்கு உரியவை.

ஆற்றில் நொடிக்கு 9 கன மீட்டர் நீர் ஓடுகிறது. அதில் ஆக்சிஜன் தெவிட்டு நிலையில், அதாவது லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் உள்ளது. ஆக்சிஜன் தேவை 2. கழிவுநீர் நொடிக்கு 1 கன மீட்டர், அதாவது நாளொன்றுக்கு 8 கோடியே 64 லட்சம் லிட்டர் கலக்கிறது. அதில் ஆக்சிஜன் இல்லை; ஆக்சிஜன் தேவை 200.

இரண்டும் கலந்தபின் தேவை என்ன? 9-ஐ 2-ஆல் பெருக்கினால் 18. 1-ஐ 200-ஆல் பெருக்கினால் 200. மொத்தம் 218. இதை 10 கன மீட்டருக்குப் பகிர்ந்தால் 21.8 மில்லிகிராம். இதே முறையில் ஆக்சிஜன் 6.75 மில்லிகிராம். பற்றாக்குறை 0.75 மட்டுமே. கால்வாய் கலக்கும் இடத்தில் மீன் தாராளமாக உயிர் வாழலாம்!

இனி வேகங்கள். மிச்சமிருக்கும் தேவையில் நாளொன்றுக்கு 0.3 பங்கு வேகத்தில் செலவு நடக்கிறது என்று கொள்வோம். பற்றாக்குறையில் நாளொன்றுக்கு 0.6 பங்கு வேகத்தில் வரவு நடக்கட்டும். தொடக்கத்தில் செலவின் வேகம் நாளுக்கு 6.54 மில்லிகிராம், வரவின் வேகம் 0.45 மட்டுமே. இருப்பு சரசரவென்று இறங்குவதில் வியப்பில்லை. சமன்பாடு தரும் விடைகள் இவை:

தொடக்கத்தில் — 6.75 மில்லிகிராம்
1 நாள் கழித்து — 2.9
2 நாள் கழித்து — 1.9
3 நாள் கழித்து — 2.1
5 நாள் கழித்து — 3.7
7 நாள் கழித்து — 5.1
10 நாள் கழித்து — 6.5

மிகத் தாழ்ந்த நிலை 2.2 நாளில் வருகிறது. அப்போது மிச்சமுள்ள தேவை 11.3, செலவின் வேகம் அதில் 0.3 பங்கு, அதாவது 3.4. பற்றாக்குறை 5.64, வரவின் வேகம் அதில் 0.6 பங்கு, அதுவும் 3.4. இரண்டும் சமம். ஆறு நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு நாளில் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் செல்லும். ஆகவே மிகக் கெட்ட இடம் கால்வாயிலிருந்து 57 கிலோமீட்டர் தொலைவில்! அங்கே ஒரு மீனவக் குப்பம் இருந்தால், மேலே உள்ள நகரத்தின் பெயரைக்கூட அறியாமலே அது பிழைப்பை இழந்துவிடும். நகரத்தின் எல்லையில் மட்டும் நீரை எடுத்துச் சோதிப்பவர் "ஆக்சிஜன் 6.75, குறையொன்றுமில்லை" என்று அறிக்கை எழுதுவார். அவர் எழுதியது பொய்யன்று. பார்த்த இடம்தான் தவறு.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

கணித மாதிரியின் உண்மையான பயன் இனிமேல்தான் வருகிறது. கணக்கைப் பின்னோக்கிப் போடலாம். எந்த இடத்திலும் ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்றால், கழிவுநீரின் தேவை எவ்வளவு இருக்கலாம்? விடை 74. அதாவது 200-ஐ 74 ஆகக் குறைக்கும் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் ஆறு தப்பிவிடும். மீதி வேலையை ஆறே பார்த்துக்கொள்ளும்.

நகரசபை நிலையத்தைக் கட்டி முடித்து மகிழ்ச்சியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை வருகிறது. ஆற்றின் ஓட்டம் 9 கன மீட்டரிலிருந்து 3 ஆகக் குறைகிறது. நகரத்தின் கழிவு குறையவில்லை. மற்ற எண்களை மாற்றாமல் கணக்கிட்டால், 74 என்ற அளவுக்குச் சுத்திகரித்த நீரை விட்டாலும் ஆற்றின் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. சுத்திகரிக்காமலே விட்டால் பற்றாக்குறை 13 மில்லிகிராமுக்கு மேல் என்று கணக்கு சொல்லும். இருப்பதே 7.5 தானே! ஆக்சிஜன் அறவே தீர்ந்து, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும் என்பது இதன் பொருள்.

கோடையிலும் 5 மில்லிகிராமைக் காக்க வேண்டுமானால் கழிவின் தேவையை 24 ஆகக் குறைக்க வேண்டும். 200-க்கு 126-ஐ நீக்கினால் போதும் என்றிருந்தது. இப்போது 176-ஐ நீக்கியாக வேண்டும். ஆகவே, கழிவுநீர் இன்ன செறிவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஒரே விதி எல்லா ஆற்றையும் எல்லாப் பருவத்திலும் காப்பாற்றாது. ஆற்றில் மிகக் குறைந்த ஓட்டம் எவ்வளவு என்பதை வைத்தே திட்டமிட வேண்டும். மேலே அணைகட்டி நீரை முழுதும் திருப்பிவிடுவதும் கழிவைக் கொட்டுவதற்கு ஒப்பான தீமையே என்பதையும் இக்கணக்கு உணர்த்துகிறது.

செரிக்காத உப்பு

இதுவரை பார்த்தது ஆற்றால் செரிக்கக் கூடிய கழிவு. செரிக்க முடியாத கழிவும் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்கூடான சான்று இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்குச் சாயப் பட்டறைகள் இன்றியமையாதவை. பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்காகச் சாயத் தொட்டியில் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ பெருமளவில் சேர்க்கிறார்கள். துணியில் ஏறுவது சாயமே. உப்பு முழுதும் கழிவுநீருடன் வெளியேறுகிறது.

உப்பை எந்தப் பாக்டீரியாவும் உண்பதில்லை. காற்றில் அது ஆவியாவதும் இல்லை. ஆகவே அதற்கான கணித மாதிரி மிக எளிது. கலப்புக் கணக்கு ஒன்றே போதும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்புள்ள 9 கன மீட்டர் ஆற்றுநீரில், 6,000 மில்லிகிராம் உப்புள்ள சாயக் கழிவுநீர் 1 கன மீட்டர் கலந்தால் 780 மில்லிகிராம் ஆகும். ஆற்றின் ஓட்டம் 1 கன மீட்டராகச் சுருங்கினால் 3,100. குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு.

இந்த எண்ணை முந்தைய பட்டியலுடன் ஒப்பிடுங்கள். சாக்கடை கலந்த ஆறு பத்து நாளில் ஏறக்குறைய மீண்டுவிட்டது. உப்பு கலந்த ஆற்றில் பத்து நாளுக்குப் பின்னும் அதே உப்பு. வழியில் தூய ஓடை ஏதேனும் வந்து சேர்ந்தால் குறையும். வெயிலில் நீர் ஆவியானால் கூடும். தேக்கத்தில் நிறுத்தினாலோ அங்கேயே சேரும்.

பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் நடந்தது இதுதான். பயிருக்கு நீர் தரவேண்டிய தேக்கம் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அந்நீர் பாய்ந்த வயலில் நீர் ஆவியாக, உப்பு மண்ணிலேயே தங்கிற்று, கிணறுகளும் உவர்த்தன. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை ஆற்றில் ஒரு துளியும் விடக்கூடாது என்ற முறையைப் பின்பற்றும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடவும் ஆணை பிறந்தது. சவ்வூடு வடித்தலாலும் கொதிக்க வைத்து ஆவியாக்குவதாலும் நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதே இம்முறை. செலவு மிக்கதுதான். ஆனால் வரவுப் பக்கமே இல்லாத கணக்கில், செலவை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வயலிலிருந்து வரும் மாசு

ஆலைக் கழிவுக்குக் குழாய் வாய் உண்டு. அதைக் காட்டி "இதுதான்" என்று சொல்லலாம். வயலிலிருந்து வரும் மாசுக்கு அப்படி ஒரு வாய் இல்லை. மழை பெய்யும்போது பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆயிரக்கணக்கான வரப்புகளைக் கடந்து ஆற்றில் சேர்கின்றன. யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நீரில் நைட்ரேட்டாக மாறும்போதும் ஆக்சிஜன் செலவாகிறது. அதிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும்.

உரம் பயிரை வளர்ப்பதுபோலவே ஆற்றில் பாசியையும் வளர்க்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும். அப்போது அளந்தால் நீர் தெவிட்டு நிலையையும் தாண்டிச் செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். இரவில் பாசியும் மூச்சு விடுகிறது. விடிவதற்குச் சற்று முன்னர் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். பாசி மடிந்து அடியில் படிந்தால் அதைச் சிதைக்கவும் ஆக்சிஜன் செலவாகும். காலையில் குளத்தில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இது ஒரு காரணம்.

நாம் முன்பு கண்ட ஓஹியோ ஆறே இதற்கும் எடுத்துக்காட்டு. அதுவும் மற்ற கிளையாறுகளும் மக்காச்சோள வயல்களின் உரத்தைச் சுமந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவில் சேர்க்கின்றன. அங்கே கோடைதோறும் கடலின் அடிநீரில் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, மீனும் இறாலும் வாழ இயலாத பரப்பு உண்டாகிறது. 2017-இல் அது 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. மே மாதத்தில் ஆறு கொண்டுவரும் நைட்ரஜனை அளந்து, வரப்போகும் கோடையில் அப்பரப்பு எவ்வளவு இருக்கும் என்று மாதிரிகளின் துணைகொண்டு முன்னறிவிப்புச் செய்கிறார்கள்.

கணக்கை எவ்வளவு நம்பலாம்?

ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும் வரவு ஒன்று, செலவு ஒன்று என்று எடுத்துக்கொண்டனர். உண்மை ஆற்றில் பாசி உண்டு, அடிச்சேறு உண்டு, அம்மோனியா உண்டு, இடையிடையே வாய்க்கால்கள் வந்து சேர்வதும் உண்டு. கணிப்பொறி வந்தபின் ஆற்றைக் கரும்புத் துண்டுகள்போல் பல கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூற்றிலும் இவை அனைத்துக்கும் தனித்தனியே வரவு செலவு எழுதும் மாதிரிகள் தோன்றின. 1987-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட "குவால்-2ஈ" என்ற மாதிரி பல நாடுகளில் பயன்பட்டது. ஆயினும் உள்ளே இருப்பது அதே பழைய வரவு செலவுதான்.

0.3, 0.6 என்று நாம் கொண்ட எண்களை எந்தக் கணிப்பொறியும் தானே கண்டுபிடித்துத் தராது. ஆற்றில் இறங்கி அளந்துதான் பெறவேண்டும். ஓர் ஆண்டின் அளவைகளைக் கொண்டு எண்களைப் பொருத்தி, மற்றோர் ஆண்டின் அளவைகளை அம்மாதிரி சரியாகக் கூறுகிறதா என்று சோதித்த பின்னரே அதை நம்பலாம்.

இவ்வாறு நம்பிச் செயல்பட்டுப் பயன் கண்ட ஆறும் உண்டு. லண்டன் நகரின் தேம்ஸ் ஆற்றில் உயிரே இல்லை என்று 1957-இல் கூறப்பட்டது. எந்தக் கழிவு எந்த இடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்று ஆராய்ந்து கணக்கிட்ட விரிவான அறிக்கை 1964-இல் வெளிவந்தது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. 1974-இல் தேம்ஸில் மீண்டும் சால்மன் மீன் பிடிபட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

உங்கள் ஊர் ஆற்றுக்கும் இத்தகைய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது ஐம்பது மீட்டர் செல்லும் நேரத்தைக் குறித்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும்; நீரின் சராசரி வேகம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆசிரியர் துணையுடன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தால் ஓட்டத்தின் அளவு கிடைக்கும். கரைந்த ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் 1888-இல் கண்ட முறையைக் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். கழிவு கலக்கும் இடத்தில் மட்டும் நின்றுவிடாமல் பத்துக் கிலோமீட்டருக்கு ஓரிடமாகக் கீழே கீழே செல்லுங்கள். நண்பகலில் ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் நீரை எடுங்கள். கோடையில் கட்டாயம் எடுங்கள்.

பெற்ற எண்களை வரைபடத்தில் குறித்துக் கோடு போடுங்கள். கயிறு தொய்வதுபோல் அக்கோடு இறங்கினால், மிகத் தாழ்ந்த புள்ளிக்கு நேரே எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். ஆற்றில் எவ்வளவு கழிவு விடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்பட வேண்டியது அந்த ஊராரின் குரல். அவர்கள் கையில் இந்த வரைபடமும் இருந்தால், அக்குரலை எளிதில் தள்ளிவிட முடியாது.